ஏழு வீட்டு முறையும் ஒரு குதிரை வண்டியும்

செவ்வாய்க்கிழமை குதிரை வண்டி. வெள்ளிக்கிழமை இரும்பு மனிதர்கள். இரண்டும் ஜப்பான்காரர் கீறிய படத் தொடர்கள். இரண்டும் சிங்களத்தில் பேசின. இரண்டும் அரை மணித்தியாலம். கிழமைக்கு ஒன்றைத்தான் பார்க்கலாம். எங்கள் பற்றரி அதற்கு மேல் தாங்காது.

விசுவமடுவில் எங்கள் வாய்க்காலில் ஏழு வீடுகள். ஏழும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் வாலிபர்களுக்குக் காணி தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, சான்றிதழ்களைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு மண்வெட்டியோடு காட்டுக்குள் வந்தவர்கள் நாங்கள். மிளகாய் போட்டோம். சில வருடங்கள் மிளகாய் எங்களை மனிதராக்கி வைத்திருந்தது. எழுபத்தேழில் ஆட்சி மாறியது. துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் மலிவு விலையில் வந்து குவிந்தது. எங்களுடையது சாக்கில் கிடந்து நிறம் வெளுத்தது. அதே கப்பல்களில்தான் ஜப்பான் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வந்தன. எங்கள் வயிற்றில் அடித்தவர்கள் கண்ணுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் தந்தார்கள். நாங்களும் வெட்கமில்லாமல் வாங்கினோம். ஏழு வீடும் சேர்ந்து ஒன்று. பழையது, கறுப்பு வெள்ளை, பதினான்கு அங்குலம்.

மின்சாரம் இல்லாத இடம். லொறியொன்றிலிருந்து கழற்றிய பற்றரியைப் பரந்தனுக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவோம். பற்றரிக்கு எங்களைவிட வயது அதிகம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. செய்திக்கு இவ்வளவு, எப்போதாவது போடும் தமிழ்ப் படத்துக்கு இவ்வளவு என்று பெரியவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அரை மணித்தியாலம். அதற்கு மேல் போனால் படம் நாலு பக்கமும் சுருங்கி, முத்திரை அளவாகி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும்.

ஆகவே எதைப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. என் தம்பியின் பேரன் இன்று கைக்குள் அடங்கும் கண்ணாடியில் ஜப்பான் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் பார்க்கிற மாதிரி இல்லை" என்று கொட்டாவி விடுகிறான். எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்றுவரை எண்ணினேன், பிறகு கண் வலித்தது. எங்களுக்கு இருந்தவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்வதற்கு நாங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தோம்.

சட்டம் புதிதல்ல. தண்ணீருக்கு இருந்த முறையைத் தூக்கிப் பெட்டிக்கு வைத்தோம். குளத்தின் துருசைத் திறந்தால் வாய்க்காலில் வரும் தண்ணீர் வீட்டு வரிசைப்படி பாயும். முதலாம் வீட்டுக்கு ஒரு நாள், இரண்டாம் வீட்டுக்கு அடுத்த நாள், இப்படி ஏழாம் வீடுவரை. முறையை விற்க முடியாது, கொடுக்க முடியாது, மாற்ற முடியாது. வேண்டாமென்றால் அது கீழ் வீட்டுக்குப் போய்விடும். இந்தச் சட்டத்தால்தான் அந்த வாய்க்காலில் மண்வெட்டிப் பிடி யாருடைய மண்டையிலும் இறங்கவில்லை. அது தண்ணீருக்கு நல்ல சட்டம். பெட்டிக்கும் அப்படியே. கிழமைக்கு ஒரு வீடு. முறைக்கார வீடு குதிரை வண்டி என்றால் குதிரை வண்டி, இரும்பு மனிதர் என்றால் இரும்பு மனிதர்.

பெட்டி இரண்டாம் வீட்டில் இருந்தது. எங்களில் மூத்தவர் அந்த வீட்டுக்காரர். நான் நாலாம் வீடு. எனக்குப் பிள்ளைகள் இல்லை, உயரம் இருந்தது. ஆகவே அன்ரனா கட்டிய கம்பத்தைப் பிடித்துத் திருப்பும் வேலை என் தலையில் விழுந்தது. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் அதைத் திருப்பிவிட வேண்டும். காற்றடித்தால் அது தன் எண்ணத்துக்குத் திரும்பும்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் மேற்கால!"

"இப்ப?"

"குதிரைக்கு எட்டுக் கால் தெரியுது!"

"இப்ப?"

"விட்டிடாதேங்கோ! அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ!"

அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் நின்றால் யன்னல் வழியாகப் பார்க்கிறவர்களின் முகங்கள் தெரியும், பெட்டி தெரியாது. பெட்டியில் ஓடிய கதையெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கதை சொன்னால் நடுவில் மூன்று வேறு கதை வரும்.

முதலில் எல்லா வீடும் இரும்பு மனிதர்களைத்தான் தெரிவுசெய்தன. அதற்குப் பாஷை தேவையில்லை. வானத்திலிருந்து ஒருவன் விழுவான், மற்றவன் எழும்புவான், அடிப்பான். குதிரை வண்டித் தொடரில் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், எங்களில் எவருக்கும் விளங்கவில்லை. அதை விளங்கப்படுத்த ஆள் வந்தது, ஏழாம் வீட்டுக்கும் அப்பால் இருந்த ஒரு குடிசையிலிருந்து.

அந்தக் குடிசை எங்கள் கணக்கில் இல்லை. எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தைக் கொளுத்திவிட, மாற்றுத் துணியில்லாமல் வன்னிக்கு வந்த குடும்பம் அது. வாய்க்கால் முடியும் இடத்தில் பற்றையை வெட்டி அரை ஏக்கர் வெளியாக்கியிருந்தார்கள். காணிக்குப் பத்திரம் இல்லை, தண்ணீருக்கு முறை இல்லை. எங்கள் வயல்களில் வடிந்து ஓடுவதைக் குடத்தில் அள்ளி ஊற்றிக் கத்தரி வைத்திருந்தார்கள். புருஷன் கிளிநொச்சியில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான், ஞாயிற்றுக்கிழமை வந்து போவான். மனைவி எங்கள் ஏழு வீட்டிலும் மிளகாய்ப் பழம் ஆய வருவாள். ஒரு மகள், பதினொரு வயது.

ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த வீட்டாரோ தெரியாத்தனமாகக் குதிரை வண்டியைத் தெரிவுசெய்த கிழமை, அவள் இரவல் வாங்கிய ஓலைக் கடகத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டாம் வீட்டுக்கு வந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. தாய் வாசலில் நின்றபடி பெட்டியைப் பார்த்திருக்கிறாள். உள்ளே பிள்ளைகள், "என்ன சொல்லுறாள்? என்ன சொல்லுறாள்?" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பிகிட்ட பொய் சொல்லுது அந்தப் புள்ள" என்றாள் வாசலில் நின்றவள். "இந்த ஊருலயும் இருக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனா தம்பிகிட்ட, எனக்குத்தான் இந்த ஊரு புடிக்கலேங்குது."

பிள்ளைகள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தோட்டத்தில் இருந்தவளுக்குச் சிங்களம் தெரியும் என்று எங்களில் எவரும் அதுவரை யோசித்திருக்கவில்லை.

கதை அதுதான். பெற்றோர் இல்லாத ஒரு அக்காவும் தம்பியும். அவர்களுடைய வீட்டை யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு குதிரை வண்டியில் ஊர் ஊராகக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு, தங்களை இருக்கவிடும் ஊர் எது என்று தேடிப் போகிறார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரு ஊர். ஒவ்வொரு ஊரிலும் இரண்டொரு நல்ல மனிதர், முடிவில் ஒரு காரணம், மறுபடி பனியில் வண்டி.

அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் புருஷன்மாரை விடவில்லை. முறைக்கு முறை குதிரை வண்டியே வந்தது. ஐந்தாம் வீட்டில் மட்டும் மூன்று பையன்கள், அவர்களுக்கு இரும்பு மனிதர்தான் வேண்டும். அந்த ஒரு கிழமை தவிர, செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அவள் வந்துவிடுவாள். பிள்ளைகள் பாயில், ஆண்கள் கதிரையில், அவளும் மகளும் வாசற்படியில். உள்ளே வா என்று எவரும் சொல்லவில்லை. பாயில் இடம் இருந்தது. நான் யன்னலால் எண்ணியிருக்கிறேன், இன்னும் நாலு பேர் இருக்கலாம்.

ஒருநாள் வரம்பில் கண்டபோது கேட்டேன், "உமக்கு இதைச் சொல்லுறது கரைச்சல் இல்லையோ?"

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சுங்க ஐயா. இந்தப் பாஷையக் கடைசியாக் கேட்டது லயத்தக் கொளுத்துன அன்னிக்கு ராத்திரிதான், வெளிய வாங்கடான்னு. அந்த வண்டிப் புள்ளயோட கொரல் நல்லா இருக்கு. இப்பிடியும் அதுல பேசலாம்னு மறந்தே போச்சு." பிறகு மகளைக் காட்டினாள். "இதுக்குத்தான் வாரேன். செவ்வாக்கெழமை வரைக்கும் இதே பேச்சு. எந்த ஊருல ஏத்துக்குவாங்கன்னு எங்கிட்ட கேக்குது. நான் என்ன ஜப்பான்காரியா?"

மகள் வெட்கப்பட்டுத் தாயின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

மாரி முடிந்து மிளகாய் பூக்கும் நேரம் அது. ஒரு செவ்வாய் நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியில் ஒரு அறிவிப்புச் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் விளங்கியது. "இன்னும் ரெண்டு வாரந்தானாம். அதோட கதை முடியுதாம்" என்றாள்.

நான் வாசலுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அடுத்த கிழமை என் முறை. அதற்கடுத்தது, கடைசிக் கிழமை, ஐந்தாம் வீட்டின் முறை. இரும்பு மனிதர்.

மகளும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். விரல்களை மடக்கிக்கொண்டு நின்றவள் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். தாய் குனிந்து கேட்டாள். நிமிர்ந்து, கதிரைகளில் இருந்தவர்களைப் பார்த்து, இத்தனை மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஐயாமாரே, எங்களுக்கு ஒரு முறை குடுங்க. அந்தக் கடைசி வாரம் மட்டும். ஏழுக்குப் பொறவு எட்டுன்னு வச்சுக்குங்க. இவ முடிவப் பாத்துக்கிடட்டும்."

இரண்டாம் வீட்டுக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "கதைச்சுப்போட்டுச் சொல்லுறம், போயிட்டு வாரும்" என்றார். அவர்கள் போனதும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பினார்.

"விளங்குதோ உங்களுக்கு, என்ன கேட்டவா எண்டு?" என்றார்.

"படம் கேட்டவா" என்றேன்.

"எட்டாவது முறை கேட்டவா. இண்டைக்குப் பெட்டியில எட்டாம் வீடு எண்டு நாங்களே சொன்னால், நாளைக்கு வாய்க்காலில இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? அரசாங்கக் கச்சேரியில போய் நிண்டு, ஐயா, இவையளே என்னை எட்டாம் வீடு எண்டு வச்சிருக்கினம் எண்டால்?"

"அவா தண்ணி கேக்கேல்லையே."

"இப்ப கேக்கேல்லை."

ஐந்தாம் வீட்டுக்காரன் அவ்வளவு கல்நெஞ்சனல்ல. "முறையை விடுங்கோ. நானும் அண்ணையும் மாத்துவம். வாற கிழமை என்ர பொடியள் இரும்பனைப் பார்க்கட்டும், கடைசிக் கிழமையை அண்ணை எடுக்கட்டும். அவை வழமைபோல வந்து படியில இருக்கட்டும். என்ன வந்தது?" என்றான்.

எனக்கு நெஞ்சு லேசானது. அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"மாத்துறதோ?" என்றார் இரண்டாம் வீட்டுக்காரர். "போன வருசம் உன்ர கிணறு இடிஞ்சபோது ஆறாம் வீட்டோட தண்ணி முறையை மாத்தித் தா எண்டு நீ அழுதனீ. மாத்தினமோ? அப்ப உனக்கில்லாதது இப்ப ஆருக்காக? அதுகளுக்காகவோ?"

ஐந்தாம் வீட்டுக்காரனின் முகம் மாறியது. தன் மிளகாய் கருகிய அந்தக் கிழமை அவனுக்கு நினைவு வந்துவிட்டது. "ஓம், அதுவும் சரிதான்" என்றான். அதோடு அவனும் அந்தப் பக்கம் போனான்.

நான் விடவில்லை. ஆறு மாதமாக எங்கள் பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொன்னவளுக்கு அரை மணித்தியாலம் கொடுத்தால் குளம் வற்றிவிடுமா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலும்.

"அண்ணைக்கு இரக்கம் கூடிப்போச்சு" என்றது கடைசிக் கதிரையில் இருந்து ஒரு குரல். "அவ்வளவு இரக்கமெண்டால் உங்கட தண்ணி முறையில அரைவாசியைத் திறந்துவிடுங்கோவன். ஆர் மறிச்சது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூன்று ஏக்கரில் மிளகாய் பூத்து நின்றது. நான் வாயை மூடினேன்.

அடுத்த செவ்வாய் என் முறை. குதிரை வண்டியைத் தெரிவுசெய்தேன். நான் கம்பத்தைப் பிடித்தேன், அவள் படியில் இருந்து சொன்னாள், மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பனியில் வண்டி அச்சு முறிந்து, தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிவதோடு அந்தக் கிழமை முடிந்ததாம். ஊரா, வேறேதாவதா, தெரியாது. அன்றைக்கே இரண்டாம் வீட்டுக்காரர் தாயிடம் மரியாதையாகத்தான் சொன்னார், "பிள்ளை, வாற கிழமை ஐஞ்சாம் வீட்டின்ர முறை. வெள்ளிக்கிழமைதான் பெட்டி போடுவம். சட்டம் எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானே."

"சரிங்க" என்றாள் அவள்.

கடைசிச் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு நான் கால் போன போக்கில் இரண்டாம் வீட்டு முற்றத்துக்குப் போனேன். பெட்டியின் மேல் பூப்போட்ட துணி விரித்து மூடியிருந்தது. பற்றரியின் கம்பிகள் கழற்றிக் கிடந்தன. படியில் எவரும் இல்லை. அவர்கள் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வந்துவிடுவார்களோ என்றுதான் போனேன். அரை மணித்தியாலமும் கம்பத்தின் பக்கத்தில் நின்றேன். கொக்காவிலில் இருந்து அந்தக் கதையின் முடிவு என் தலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. பிடிக்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை இரும்பு மனிதர்கள் அடிபட்டார்கள். படம் துலக்கமாக வந்ததாம்.

இரண்டு கிழமை கழித்து அவள் என் வளவுக்கு வந்தாள். பழம் ஆயும் நாளல்ல. குசினிப் பக்கம் நின்று என் மனைவியோடு கதைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, ஒரு உதவி செய்யணும். பொய் சொல்லணும்."

"என்ன பொய்?"

"அந்தக் கதைக்கு நானே ஒரு முடிவு சொன்னேங்க. ஆத்தோரமா ஒரு ஊரு, அங்க அவுங்களுக்கு வீடு குடுத்துட்டாங்கன்னு. நம்ப மாட்டேங்குது. நீ பாக்கலியே அம்மா, ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்குது. சரியாச் சாப்பிடுறதும் இல்ல. நீங்க டவுனுக்குப் போற ஆளு. அன்னிக்குக் கிளிநொச்சியில ஒரு கடையில நின்னு முடிவப் பாத்ததாச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பும். நீங்க எல்லாத்தையும் எண்ணிச் சொல்ற ஆளுன்னு அதுக்குத் தெரியும்."

நான் ஒப்புக்கொண்டேன். ஆற்றோர ஊர், ஓட்டுக் கூரை, குதிரைக்குக் கொட்டில் என்று அவள் சொன்னவற்றை ஒழுங்காக மனதில் வைத்தேன். அன்று பின்னேரமே அவர்களுடைய கத்தரித் தோட்டப் பக்கம் போனேன். மகள் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். தாய் களை பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

"பிள்ளை, அந்தக் குதிரை வண்டிக் கதை முடிஞ்சதை நான் கிளிநொச்சியில பார்த்தனான்" என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். நான் சொன்னேன். ஊர், ஆறு, வீடு, கொட்டில், ஒன்றும் விடவில்லை. அந்த ஊர்ச் சனங்கள் இனி நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. பெட்டியின் முன்னால் யன்னலால் நான் பார்த்த அதே முகம்.

"நெசமாவா ஐயா?"

"ஓம். நானே பார்த்தனான்."

"செருப்புத் தைக்கிற தாத்தாவும் அந்த வீட்டுல இருக்காரா?"

செருப்புத் தைக்கிற தாத்தாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தாயைப் பார்த்தேன், அவள் நிமிரவில்லை. பிள்ளை ஆசையோடு கேட்கிறாள். இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

"ஓம், ஓம். அவரும் இருக்கிறார். வாசலில இருந்து செருப்புத் தைக்கிறார்."

தாயின் கை களையில் நின்றுவிட்டது.

"அவரு மூணாவது ஊருல பனியில செத்துட்டாருங்க ஐயா" என்றாள் மகள், மெதுவாக. "தம்பிக்காரன் அவரோட ஊசியக் கையில வச்சுக்கிட்டு அழுதான்."

நான் குடத்தைப் பார்த்தேன். மகள்தான் என்னைக் காப்பாற்றினாள்.

"அப்ப அது வேற தாத்தாவா இருக்கும்" என்றாள்.

"ஓம் பிள்ளை, வேற தாத்தா" என்றேன்.

சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல எனக்குத் தலையை ஆட்டிவிட்டு, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தரிக் கன்றுகளுக்குள் போனாள்.